விருந்தாளி வந்தால் வயலுக்கு என்ன லாபம்?



கேரளத்தில் கோட்டயம் மாவட்டம். அங்கே வேம்பநாட்டுக் காயலின் கரையில் குமரகம் என்ற கிராமம் இருக்கிறது. அந்தப் பகுதியில் பல வயல்கள் கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தவை. சுற்றிலும் கரை போட வேண்டும். தண்ணீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். அதன் பிறகுதான் நெல் விதைக்க முடியும். அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய நிலம் அது.

காயலின் அழகைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். வெளிநாட்டவரும் வந்தார்கள். பெரிய ஓட்டல்கள் எழும்பின. படகு வீடுகள் பெருகின. ஊருக்கு நல்ல காலம் பிறந்ததா?

இல்லை. ஓட்டலுக்கு வேண்டிய காய்கறி வெளியூரிலிருந்து வந்தது. உள்ளூர் வயல்கள் பல தரிசாகக் கிடந்தன. கழிவுநீரும் குப்பையும் காயலில் கலந்தன. காயல் கெட்டால் மீன் ஏது? மீனவர் பிழைப்பு என்னாகும்? பணம் ஓட்டலுக்கு, குப்பை ஊருக்கு என்றாகிவிட்டது. ஊரார் மனம் கசந்தார்கள்.

2007-ஆம் ஆண்டு கேரள அரசு ‘பொறுப்புச் சுற்றுலா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதலில் நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்தது. குமரகம், கோவளம், தேக்கடி, வயநாடு ஆகியவை அந்த இடங்கள்.

குமரகத்தில் ஊராட்சி முன்னே நின்றது. குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் கை கொடுத்தன. ஓட்டலுக்கு என்னென்ன தேவை என்று கேட்டு அறிந்தார்கள். தரிசு நிலத்தைத் திருத்திக் காய்கறி பயிரிட்டார்கள். வீட்டுத் தோட்டத்திலும் பயிரிட்டார்கள். விலையைக் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். தரத்தைப் பார்க்கவும் ஏற்பாடு செய்தார்கள். காய்கறி, முட்டை, தேங்காய், வாழை இலை எல்லாம் ஓட்டலுக்குப் போயின. பெண்கள் கையில் பணம் புரண்டது.

இன்னொரு வழியும் பிறந்தது. விருந்தாளிகள் ஊருக்குள் வந்து பார்த்தார்கள். கயிறு திரிப்பதைப் பார்த்தார்கள். தாழம்பாய் முடைவதைப் பார்த்தார்கள். தென்னை ஓலை பின்னவும் கற்றார்கள். அதற்குக் கட்டணம் கொடுத்தார்கள். அன்றாட வேலையே ஒரு வருமானம் ஆயிற்று.

இந்த முயற்சிக்கு 2014-இல் ஐக்கிய நாடுகளின் உலகச் சுற்றுலா அமைப்பு விருது கொடுத்தது. 2024-இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் வேளாண் சுற்றுலாப் பிரிவில் குமரகத்தைச் சிறந்த கிராமங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது.

ஆனாலும் காயலின் தொல்லை தீர்ந்துவிடவில்லை. படகு வீட்டுக் கழிவு இன்றும் ஒரு பிரச்சினைதான்.

உங்கள் ஊருக்கும் நாளை விருந்தாளிகள் வரலாம். அப்போது சில செய்திகளை மறக்கக் கூடாது.

விவசாயம்தான் முதல், சுற்றுலா துணை வருமானம். ஆசைப்பட்டு நிலத்தை விற்றால் பிறகு காட்டுவதற்கு என்ன இருக்கும்?

கிணற்றில் உள்ள தண்ணீரைப் பார்த்து ஆட்களைச் சேருங்கள். பயிருக்கும் மாட்டுக்கும் போகத்தான் விருந்தாளிக்கு.

கழிவறைத் தொட்டி கட்டாமல் யாரையும் தங்க வைக்காதீர்கள். மட்கும் குப்பையை உரக்குழியில் போடுங்கள். பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரியுங்கள்.

எல்லாரும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். முறை வைத்து விதைத்தால் வாரா வாரம் காய் கிடைக்கும், விலையும் விழாது.

விருந்தாளி இரண்டு நாளில் போய்விடுவார். நிலமும் நீரும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். ஊர்கூடிப் பேசுங்கள். முடிவு செய்துவிட்டு வாசலைத் திறங்கள்.