உய்யகொண்டானும் நன்னூலும்



திருச்சி தில்லை நகரில் எங்கள் வீட்டு முன்னறைக்கு மாலை ஆறு மணிக்கு மேல் ஆங்கில ஆய்வேடும் கையுமாகப் பிள்ளைகள் வருவார்கள். பெரும்பாலும் தமிழ்வழியில் படித்தவர்கள். போன மாதம் ஒரு தம்பி வந்தார். "மேடம், கைடு பக்கத்துக்குப் பக்கம் சுழிச்சுத் திருப்பிக் கொடுத்துட்டார். எனக்கு இங்கிலீஷ் வராது மேடம்" என்றார். உய்யகொண்டான் வாய்க்கால் தண்ணீரைச் சோதிப்பவர் அவர். சாக்கடை கலக்கும் இடங்களில் விடியற்காலையிலேயே புட்டியோடு போய் நின்றிருக்கிறார்.

முதல் பக்கத்தைப் படித்தேன். நைல் நதி வந்தது, சிந்து வந்தது, ஆற்றங்கரையில் நாகரிகம் பிறந்த கதை வந்தது. உய்யகொண்டான் நாலாம் பக்கத்தில்தான் தலைகாட்டியது. "நன்னூல் படிச்சிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டேன். திகைத்துவிட்டார்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம் அது. பள்ளியில் நீங்களும் கொஞ்சம் படித்திருப்பீர்கள். ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று பாயிரத்திலேயே சொல்லிவிடுகிறார். அவற்றில் ஒன்று, மற்றொன்று விரித்தல். எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பேசிக்கொண்டு போவது. நைல் நதியை அடித்தோம். வாய்க்கால் முதல் வரிக்கு வந்துவிட்டது. இன்னொன்று, சென்று தேய்ந்து இறுதல். முன்னுரை முப்பது பக்கம், முடிவுரை ஒன்றரைப் பக்கம் என்றிருக்கும் ஆய்வேடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அடுத்து அவருடைய ஒரு வாக்கியம். தண்ணீரை எடுத்து, வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆய்வகத்துக்குக் கொண்டு வந்து, சோதித்து, அட்டவணையாக்கி என்று போகிறது. தமிழில் இது எவ்வளவு அழகு! வினையெச்சங்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு கடைசி வினைமுற்றில் போய் நிற்கின்றன. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. எண்ணிப் பார்த்தோம், ஒரே வாக்கியத்தில் ஏழு 'அண்ட்'. மூன்றாக வெட்டினோம். யார் செய்தது, என்ன செய்தது என்பதை ஒவ்வொன்றிலும் முன்னால் வைத்தோம். "இவ்வளவுதானா மேடம்?" என்று கேட்டார். அன்றைக்கு இவ்வளவுதான்.

பன்னிரண்டு புட்டித் தண்ணீரை வைத்துக்கொண்டு 'ப்ரூவ்ஸ்' என்று எழுதியிருந்தார். அதை 'சஜெஸ்ட்ஸ்' ஆக்கினோம். 'தெரிகிறது', 'தோன்றுகிறது' என்று அளந்து பேசத் தெரிந்தவர்கள்தானே நாம்?

ஆங்கிலத்துக்குப் பயந்து பிறர் வாக்கியங்களை அப்படியே எடுத்துப் போடுகிற பிள்ளைகளும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, ஒப்புமை பத்து விழுக்காட்டைத் தாண்டினாலே நடவடிக்கை உண்டு. உங்கள் சொந்த வாக்கியம் நொண்டினால் என்னால் திருத்திக் கொடுக்க முடியும். களவு வாக்கியத்தை என்ன செய்வேன்?

ஆங்கிலத்தில் இடறியது நீங்கள் மட்டுமில்லை. நம் கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜனே கல்லூரியில் ஆங்கிலத் தாளில் தவறி உதவித்தொகையை இழந்தவர். 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவருடைய முதல் கட்டுரை வந்தது. அதற்கு முன் இதழாசிரியர் நாராயண ஐயங்காருக்கும் அவருக்கும் இடையே அந்தக் கைப்பிரதி திருத்தத்துக்காகப் போய்வந்துகொண்டே இருந்தது. கைடு சுழித்துத் திருப்பினால் அழ வேண்டாம் கண்ணுகளா.

நேரம் ஆகிவிட்டது. கட்டுரை அமைப்பு, மேற்கோள் முறை எல்லாம் இன்னொரு நாள் பேசலாம். இன்று இரவு உங்கள் ஆய்வேட்டின் முதல் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி வையுங்கள். அந்தத் தம்பி நேற்று இரண்டாம் அத்தியாயத்தோடு வந்திருந்தார். 'அண்ட்' இரண்டுதான் இருந்தது.