ஒரு புள்ளியா, இரண்டு புள்ளியா?



காற்பந்து என்று சொன்னவுடனே நம் தோட்டத்துத் திடல்தான் உங்கள் கண்முன்னே வந்து நிற்கும். சாயங்காலம் வேலை முடிந்து, குளித்து, தேநீர் குடித்துவிட்டு இளைஞர்கள் இறங்கி ஆடுகின்ற அந்த ஆட்டத்தைப் பற்றி நான் இன்று பேச வரவில்லை. அமெரிக்காவிலே அதே பெயரில் வேறோர் ஆட்டம் இருக்கிறது. அதில் பந்தைக் காலால் உதைப்பது குறைவு. கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், தூர எறிவதும், ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்ப்பதுமே அதிகம். பந்தும் உருண்டையாக இராது. எலுமிச்சம்பழத்தைப் பெரிதாக்கி நீட்டிவிட்டாற்போல் இரு முனையும் கூம்பியிருக்கும்.

அந்த ஆட்டத்திலும், கல்லூரி மாணவர்கள் ஆடுவதைத்தான் நான் விரும்பிப் பார்ப்பவன். நான் ஆடியவன் அல்லன், வெறும் இரசிகன். ஆனால் இரசிகனுக்கும் கருத்து உண்டு அல்லவா? திடலின் ஓரத்தில் நின்றுகொண்டு, "அடே, பந்தை இந்தப் பக்கம் கொடுத்திருக்கலாமே!" என்று கத்தாத தகப்பன்மார் நம் தோட்டங்களில் யார் இருக்கிறார்கள்? அந்த உரிமையில்தான் நானும் பேசுகிறேன்.

முதலில் ஆட்டத்தின் விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திடலின் நீளம் 100 கெஜம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அந்த நான்குக்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால், மீண்டும் நான்கு வாய்ப்பு. முன்னேறவில்லையென்றால் பந்து எதிரிக்குப் போய்விடும். இப்படியே நகர்ந்து நகர்ந்து எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டால் 6 புள்ளி. அதன் பிறகு ஒரு சிறு வாய்ப்புத் தருவார்கள். பந்தை இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1 புள்ளி, அநேகமாகத் தவறாது. அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, எல்லைக்கோட்டுக்கு 3 கெஜம் முன்னாலிருந்து ஓடியோ எறிந்தோ மறுபடியும் கோட்டைக் கடந்தால் 2 புள்ளி, இது எளிதன்று. கல்லூரி ஆட்டத்தில் இந்த 2 புள்ளி விதி 1958-ஆம் ஆண்டில் வந்தது. இந்த ஒன்றா, இரண்டா என்பதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் காற்பந்து நில்லாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். அவர்கள் ஆட்டமோ நின்று நின்று நடக்கும். ஒவ்வொரு முறை பந்து நின்றதும், அடுத்து யார் எங்கே ஓடுவது, யார் யாரைத் தடுப்பது என்று 11 பேருக்கும் கட்டளை போகவேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் மண்டோர் இன்னாருக்கு இன்ன நிரை என்று பிரித்துக் கொடுக்கிறார் அல்லவா? அதைப் போலத்தான். ஆனால் மண்டோருக்கு அது நாளுக்கு ஒரு வேலை. இங்கே பயிற்றுநருக்கு 40 வினாடிக்கு ஒரு வேலை!

முற்காலத்தில் இந்தக் கட்டளையைத் திடலில் நிற்கும் மாணவனே கொடுத்துவந்தான். ஓரத்தில் நின்று பயிற்றுநர் சொல்லிக்கொடுப்பது விதிக்கே புறம்பாக இருந்த காலம் அது. பிறகு விதி தளர்ந்தது. மாற்று ஆட்டக்காரன் ஒருவனிடம் சொல்லி உள்ளே அனுப்பினார்கள். கைச்சைகை காட்டினார்கள். படங்கள் ஒட்டிய பெரிய அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். 2024-ஆம் ஆண்டிலிருந்து முதல்நிலைக் கல்லூரிகளில், ஆட்டக்காரன் ஒருவனின் தலைக்கவசத்துக்குள்ளேயே சிறு வானொலிக் கருவியை வைத்துப் பயிற்றுநர் நேரே காதில் பேசலாம் என்று ஆகிவிட்டது. வானொலிக்காரர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்திதான். எனக்கென்னவோ, சேற்றில் நின்று எதிரியின் கண்ணைப் பார்க்கின்ற பையனுக்குத் தெரிவதெல்லாம் ஓரத்தில் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது என்றுதான் படுகிறது.

இனிக் கதைக்கு வருகிறேன். இரண்டு பயிற்றுநர்கள், இரண்டு முடிவுகள்.

1966 நவம்பர் 19. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத் திடலில் நோட்டர் டேம் அணி ஆடவந்தது. இரண்டுமே அந்தப் பருவத்தில் தோல்வி காணாத அணிகள். நாடே அந்த ஆட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தது. நோட்டர் டேமின் பயிற்றுநர் ஆரா பார்சீகியன். அவருக்கு அன்று கெட்ட நேரம். அவருடைய சிறந்த ஓட்டக்காரன் இரயிலைவிட்டு இறங்கும்போது வழுக்கித் தோளில் அடிபட்டு ஆடமுடியாமல் போனான். பந்தை எறிகின்ற முதன்மை ஆட்டக்காரனோ ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காயம்பட்டு வெளியேறினான். பதிலாக இறங்கிய பையன் நீரிழிவு நோய் உள்ளவன். 0-10 என்று பின்தங்கியவர்கள், அந்தப் பையனை வைத்துக்கொண்டே 10-10 என்று சமன்செய்தார்கள்.

கடைசியில் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக நேரம் இருந்தது. பந்து நோட்டர் டேம் கையில், அவர்களுடைய சொந்தப் பகுதியில், 30 கெஜக் கோட்டருகே. எறிந்து பார்க்கலாம், வெற்றி கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் எதிரி பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு. பார்சீகியன் எறிய விடவில்லை. பந்தைப் பிடித்துக்கொண்டு சற்றுச் சற்று ஓடி நேரத்தைக் கழிக்கச் சொன்னார். எதிரணியினர் கேலி செய்தார்கள், கூட்டம் கூச்சலிட்டது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அடுத்த வாரம் நோட்டர் டேம் வேறோர் அணியை 51-0 என்று வென்றது. அக்காலத்தில் தேசிய வெற்றியாளரைத் திடலில் அல்ல, வாக்கெடுப்பில்தான் தேர்ந்தெடுப்பார்கள். பட்டம் நோட்டர் டேமுக்கே போயிற்று. ஆனால் அந்தக் கடைசி நிமிடத்தைப் பற்றிய வசவு பார்சீகியனை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

அடுத்தவர் டாம் ஆஸ்போர்ன்; நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர். அவருடைய அணி 1983 பருவத்தில் 12 ஆட்டம் ஆடிப் பன்னிரண்டிலும் வென்றது. 1984 ஜனவரி 2-ஆம் நாள் இரவு, மயாமி நகரில், மயாமி அணியின் சொந்தத் திடலிலேயே இறுதி ஆட்டம். தொடக்கத்திலேயே மயாமி 17-0 என்று முந்திக்கொண்டது. நெப்ராஸ்கா ஒரு வேடிக்கையான தந்திரம் செய்தது. எறிகின்றவன் பந்தை வேண்டுமென்றே தரையில் வைத்துவிட்டு ஒரு பக்கம் ஓடினான். எதிரிகள் எல்லாரும் அவன் பின்னால் ஓட, பந்தையே தொடாத வேலைக்காரனான தடுப்பாட்டக்காரன் ஒருவன், மலைபோன்ற உடம்புக்காரன், அதை எடுத்துக்கொண்டு மறுபக்கம் ஓடி எல்லையைக் கடந்தான்! பிற்காலத்தில் இந்தத் தந்திரத்தை விதிபோட்டு நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

மூன்றாம் கட்டத்தில் நெப்ராஸ்காவின் சிறந்த ஓட்டக்காரன் காயம்பட்டான். கடைசிக் கட்டத்தில் மயாமி 31-17 என்று முன்னே நின்றது. நெப்ராஸ்கா ஒருமுறை கோட்டைக் கடந்து 31-24 ஆக்கியது. ஆட்டம் முடிய 48 வினாடி இருக்கையில், நான்காவது வாய்ப்பில், காயம்பட்டவனுக்குப் பதிலாக வந்த ஜெஃப் ஸ்மித் 24 கெஜம் ஓடிக் கோட்டைக் கடந்தான். 31-30.

இப்போது அந்தக் கேள்வி. உதைத்தால் 1 புள்ளி, 31-31 சமநிலை. தோல்வியே காணாத அணி என்பதால், சமநிலையே போதும், பட்டம் நெப்ராஸ்காவுக்குத்தான் என்று பெரும்பாலோர் கருதினார்கள். ஆஸ்போர்ன் பயிற்றுநராகி பத்து ஆண்டுக்கு மேலாகியும் ஒரு தேசியப் பட்டமும் பெற்றதில்லை. அது ஒரு உதையின் தூரத்தில் இருந்தது. அவர் 2 புள்ளிக்கே போகச் சொன்னார். பந்து பறந்தது. மயாமி வீரன் ஒருவனின் விரல் அதைத் தட்டிவிட்டது. நெப்ராஸ்கா தோற்றது. பட்டம் மயாமிக்குப் போயிற்று.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒருவர் சமநிலையை எடுத்துக்கொண்டு பட்டம் பெற்றார். மற்றவர் வெற்றியைத் தேடிப் போய்ப் பட்டத்தை இழந்தார். பலனைக் கொண்டு பார்த்தால் பார்சீகியனே கெட்டிக்காரர். ஆனால் இரசிகனாகிய என் கருத்து வேறு. ஆஸ்போர்ன் செய்தது சரி. ஆண்டு முழுதும், "வெல்வதற்கு ஆடுங்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசி நிமிடத்தில், "தோற்காமலிருந்தால் போதும்" என்றால் அவர்கள் எதை நம்புவார்கள்? பார்சீகியனைக் கோழை என்று ஏசுவதையும் நான் ஏற்கமாட்டேன். காயம்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆடியவர் அவர். தம் பகுதியிலிருந்து ஒரு எறி தவறினால் எதிரி உடனே புள்ளி பெறும் தூரம் அது. அவர் கணக்குப் பிழையானதன்று. ஆனாலும் ஒரே ஒரு எறி எறிந்து பார்த்திருக்கலாம் என்று மனம் சொல்கிறது. பாருங்கள், இரசிகன் மனம் இப்படித்தான்! 1996-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து கூடுதல் நேர ஆட்டம் முழுமையாக வந்துவிட்டதால், கல்லூரி ஆட்டத்தில் சமநிலை என்பதே இல்லாமற் போய்விட்டது.

ஆஸ்போர்னின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 1995 ஜனவரி முதல் நாள், அதே மயாமித் திடலில், அதே மயாமி அணியை அவருடைய பிள்ளைகள் 24-17 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றார்கள். 1997 பருவத்தோடு ஓய்வுபெறுவதற்குள் மூன்று பட்டம் வாங்கிவிட்டார்.

மன்னிக்கக்கூடாத கட்டளைகளும் உண்டு. 2023 அக்டோபரில் மயாமி அணி ஜார்ஜியா டெக் அணியைவிட 20-17 என்று முன்னே நின்றது. பந்தும் அவர்களிடமே. எறிகிறவன் பந்தோடு முழங்காலிட்டு உட்கார்ந்தாலே போதும். நேரம் ஓடி ஆட்டம் முடிந்துவிடும். அப்படிச் செய்யாமல் ஓடச் சொன்னார்கள். ஓடிய பையன் கையிலிருந்து பந்து நழுவியது. எதிரி எடுத்தான், கடைசி வினாடிகளில் கோட்டைக் கடந்து 23-20 என்று வென்றான். முடிவு ஓரத்தில் நின்றவர்களுடையது. படம் மட்டும் பந்தை விட்ட பையனுடையது. இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. மண்டோர் தவறான நிரையைக் காட்டிவிட்டு, பால் குறைந்ததென்று வெட்டுக்காரரை ஏசினால் நமக்கு எப்படியிருக்கும்?

கோபத்தால் கெட்டவர் வூடி ஹேய்ஸ். ஓஹாயோ ஸ்டேட் அணியை 1951 முதல் 28 பருவம் நடத்திய பெரியவர். 1978 டிசம்பர் 29 இரவு, ஆட்டம் முடியும் தறுவாயில், அவருடைய அணியின் எறியைக் கிளெம்சன் அணி மாணவன் ஒருவன் பிடித்துவிட்டான். 65 வயதான ஹேய்ஸ் அந்தப் பையனை அடித்துவிட்டார். நாடெங்கும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மறுநாளே வேலை போயிற்று.

வேலை என்றதும் சம்பளம் நினைவுக்கு வருகிறது. 2023 நவம்பரில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்றுநரை நீக்கியது. நீக்கிய பிறகும் ஒப்பந்தப்படி அவருக்குத் தரவேண்டியிருந்தது 7 கோடியே 50 இலட்சம் டாலருக்கும் அதிகம்! ஆடுகின்ற மாணவர்களுக்கோ நெடுங்காலம் படிப்புச் செலவும் தங்குமிடமும் சாப்பாடும்தான். தங்கள் பெயரை வைத்து விளம்பரப் பணம் பெறக்கூட 2021 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேராகப் பணம் கொடுக்கலாம் என்பது 2025-இல்தான் வந்தது. அதுவும் வழக்குமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு. எலும்பு முறிகிறவன் யார், காசு வாங்குகிறவர் யார் என்று கூலி வாங்கி வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நேரம் முடிவதற்குள் எனக்கு மிகவும் பிடித்த ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2007 ஜனவரி முதல் நாள். பாய்ஸி ஸ்டேட் என்ற சிறிய அணி, ஓக்லஹோமா என்ற பேரணியை எதிர்த்து ஆடியது. பயிற்றுநர் கிரிஸ் பீட்டர்சனுக்கு அந்தப் பொறுப்பில் அதுதான் முதல் ஆண்டு. 18 வினாடி இருக்கையில் 7 புள்ளி பின்தங்கி, நான்காவது வாய்ப்பு, 18 கெஜம் தேவை. எறிந்த பந்தைப் பிடித்தவன், ஓடிக்கொண்டே அதைப் பக்கத்தில் வந்த தோழனுக்குக் கைமாற்றினான். அவன் கோட்டைக் கடந்தான். 35-35. கூடுதல் நேரத்தில் ஓக்லஹோமா முந்தியது. பாய்ஸி பின்னாலேயே வந்து 41-42 ஆக்கியது. மறுபடியும் அதே கேள்வி: ஒன்றா, இரண்டா?

பீட்டர்சன் இரண்டு என்றார். எறிகிறவன் வலப்பக்கம் எறிவதுபோல் வெறுங்கையை வீசினான். பந்து அவனுடைய இடக்கையில், முதுகுக்குப் பின்னால் இருந்தது! இயன் ஜான்சன் என்ற ஓட்டக்காரன் அதை வாங்கிக்கொண்டு இடப்பக்கமாக ஓடினான். அவனைத் தொட ஒருவருமில்லை. 43-42.

ஆட்டம் முடிந்ததும் தொலைக்காட்சிக்காரர்கள் ஜான்சனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் அங்கேயே முழங்காலிட்டு, தன் கல்லூரியின் உற்சாகக் குழுவில் ஆடும் பெண்ணைப் பார்த்து, என்னை மணந்துகொள்கிறாயா என்று நாடே பார்க்கக் கேட்டான். அவளும் சம்மதித்தாள், பின்னர் திருமணமும் நடந்தது. அந்தக் கட்டளையை மட்டும் எந்தப் பயிற்றுநரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.