பெரம்பலூருக்கு மேல ஒரு செஸ்னா: சிமுலேட்டர் விமானம் நிஜமா பறக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இன்னைக்கு எபிசோட், வீட்டுல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து விமானம் ஓட்டுறவங்களுக்கு. போயிங், ஏர்பஸ் பக்கம் போகப்போறதில்லை. நாலு பேர் உட்காரக்கூடிய, ஒரே ஒரு இன்ஜின் இருக்கிற சின்ன விமானம் பத்திதான் பேசப்போறோம்.

எனக்கு ஊர் பெரம்பலூர். எங்க மாவட்டத்திலயும் விமான நிலையம் கிடையாது, பக்கத்து அரியலூர்லயும் கிடையாது. விமானம் பாக்கணும்னா திருச்சி போகணும். அதனால என்னோட சிமுலேட்டர்ல எப்பவும் ஒரே ரூட்தான். திருச்சியில டேக் ஆஃப், காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி, சென்னை நெடுஞ்சாலையைப் பிடிச்சுக்கிட்டே வடக்க போனா, 110 நாட் வேகத்துல சுமார் 16 நிமிஷத்துல பெரம்பலூர். இடது பக்கம் பச்சைமலை. அங்க வலது பக்கம் திரும்பினா ஏழெட்டு நிமிஷத்துல அரியலூர், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் வெளுப்பா குழி குழியா தெரியும். இன்னும் கிழக்க போனா கங்கைகொண்ட சோழபுரம்.

காட்சி எல்லாம் அழகுதான். ஆனா கேள்வி வேற. திரையில தெரியுற இந்த விமானம், நிஜ விமானம் மாதிரி நடந்துக்குதா? அழகா வரைஞ்ச காக்பிட்டைப் பாத்து நிறைய பேர் காசு போட்டு வாங்கிடுறாங்க. பறக்கிற விதம் பொம்மை மாதிரி இருக்கும்.

முதல்ல, கணக்கு எப்படி நடக்குதுன்னு பாக்கலாம். எக்ஸ்-பிளேன், இறக்கையையும் புரொப்பெல்லரையும் சின்னச் சின்னத் துண்டுகளா பிரிச்சு, ஒவ்வொரு துண்டு மேலயும் காத்து எவ்வளவு விசை குடுக்குதுன்னு வினாடிக்குப் பல தடவை கணக்கு போடும். இலவசமா கிடைக்கிற ஃபிளைட்கியர்ல ஒரே முறை கிடையாது. ஜேஎஸ்பிசிம்ல ஓடுற விமானங்கள் பெரும்பாலும் அட்டவணைகளை வச்சு நடக்கும். யாசிம்ல ஓடுறது விமானத்தோட வடிவத்தை வச்சே விசையைக் கணக்கிடும். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரும் 2020ல இருந்து விமானத்தைப் பல பரப்புகளா பிரிச்சுதான் கணக்கு போடுது. ஆக, "இந்த சிமுலேட்டர் நிஜம், அது பொய்"னு ஒரே வார்த்தையில சொல்ல முடியாது. ஒவ்வொரு விமானத்தையும் செஞ்சவர் என்ன தகவல் போட்டிருக்கார்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

அப்போ நாமளே சோதிச்சுப் பாக்கணும். அதுக்கு நல்ல அளவுகோல் செஸ்னா 172எஸ். எல்லா சிமுலேட்டர்லயும் ஏதோ ஒரு 172 இருக்கும், நிஜ விமானத்தோட கையேட்டு எண்களும் தெரியும். நான் அஞ்சு சோதனை பண்ணுவேன். அதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல ஆட்டோ ரட்டர் மாதிரி உதவிகள் எல்லாத்தையும் அணைச்சிடுங்க.

ஒண்ணு, டேக் ஆஃப். திராட்டிலை முழுசா தள்ளினா மூக்கு இடது பக்கம் இழுக்கணும். புரொப்பெல்லர் சுத்துறதாலயும், அது பின்னாடி தள்ளுற காத்து வாலோட இடது பக்கத்தை அடிக்கிறதாலயும் வர்ற இழுப்பு அது. வலது ரட்டரை மிதிச்சாதான் நேரா போகும். எதுவுமே பண்ணாம நூல் பிடிச்ச மாதிரி ஓடினா, சந்தேகப்படுங்க. 55 நாட்ல மூக்கைத் தூக்கலாம்.

ரெண்டு, ஸ்டால். 4,000 அடிக்குப் போய், பவரைக் குறைச்சு, உயரம் குறையாம மெதுவா பின்னால இழுங்க. முழு எடையில, ஃபிளாப் இல்லாம, சுமார் 48 நாட்ல இறக்கை தூக்குறதை விட்டுடணும். அதுக்கு 5, 10 நாட் முன்னாடியே எச்சரிக்கை ஹாரன் கத்தணும். விமானம் ஆடும், மூக்கு தானா விழும். சில மாடல்ல 30 நாட்லகூட மிதந்துக்கிட்டே இருக்கும். அது தப்பு.

மூணு, டிரிம். 100 நாட்ல டிரிம் பண்ணிட்டு, மூக்கை லேசா அழுத்தி 10 நாட் கூட்டிட்டு கையை எடுங்க. மெதுவா மேல ஏறும், கீழ இறங்கும், திரும்ப ஏறும். ஒவ்வொரு தடவையும் ஆட்டம் குறைஞ்சு பழைய வேகத்துக்கு வரணும். ரப்பர் பேண்ட் மாதிரி டக்குனு திரும்பினாலும் தப்பு, திரும்பவே இல்லைனாலும் தப்பு.

நாலு, திருப்பம். ரட்டரைத் தொடாம ஸ்டிக்கை மட்டும் இடது பக்கம் சாய்ச்சா, மூக்கு முதல்ல கொஞ்சம் வலது பக்கம் போகணும். 172ல இது லேசாதான் இருக்கும். எக்ஸ்-பிளேன் 12ல வர்ற பைப்பர் சூப்பர் கப்ல நல்லாவே தெரியணும். ரெண்டும் ஒரே மாதிரி திரும்பினா, ஏதோ ஒண்ணு சரியில்லை.

அஞ்சு, இன்ஜின் இல்லாத இறக்கம். பவரை முழுசா எடுத்துட்டு 68 நாட்ல வச்சா, காத்து இல்லாத நாள்ல 1,000 அடி இறங்குறதுக்குள்ள சுமார் ஒண்ணரை கடல் மைல், அதாவது கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டர் போகணும். அரியலூர் மேல தரையில இருந்து 3,000 அடியில இன்ஜின் நின்னா, கையில இருக்கிறது 8 கிலோமீட்டர் சொச்சம். சுரங்கத்துல இறங்க முடியாது, சிமெண்ட் ஆலை பக்கமும் முடியாது. எந்த வயல்னு அப்பவே முடிவு பண்ணணும்.

நம்ம ஊருக்குன்னு ஒரு கூடுதல் சோதனையும் இருக்கு. வெப்பநிலையை 40 டிகிரி வைங்க, சித்திரை மாச மத்தியானம் மாதிரி. கடல் மட்டத்துக்குப் பக்கத்துலயே இருந்தாலும், காத்து சுமார் 3,000 அடி உயரத்துல இருக்கிற அளவுக்கு லேசாகிடும். ஓடுபாதையில ஓடுற தூரம் கூடணும், ஏறுற வேகம் குறையணும். 15 டிகிரியில ஒரு தடவை, 40ல ஒரு தடவை ஏறிப் பாருங்க. வித்தியாசமே தெரியலைன்னா அது பொம்மை.

காசு விஷயம். ஃபிளைட்கியர் முழுக்க இலவசம். எக்ஸ்-பிளேனுக்கு இலவச டெமோ இருக்கு, அதுலயே பாதி சோதனையைப் பண்ணிடலாம். தனியா காசு குடுத்து வாங்குறதுன்னா, மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு ஏ2ஏ நிறுவனத்தோட கோமாஞ்சி நல்ல பேர் வாங்கினது. அதுல இன்ஜினை நீங்க மோசமா நடத்தினா, அது ஞாபகம் வச்சுக்கும். ஆனா விமானத்துக்குக் காசு போடுறதுக்கு முன்னாடி, ரட்டருக்கு ஒரு வழி பண்ணுங்க. பெடல் முடியலைன்னா, கைப்பிடி திருகுற ஜாய்ஸ்டிக் போதும். ரட்டர் இல்லாம மேல சொன்னதுல பாதிக்கு அர்த்தமே இல்லை.

ஒரு எல்லையையும் சொல்லிடணும். நிஜ விமானத்துல டிரிம் பண்ணா கையில இருக்கிற பாரம் குறையும். ஸ்பிரிங் ஜாய்ஸ்டிக்ல அப்படி நடக்காது, அது எப்பவும் நடுவுக்குத்தான் வரும். உட்கார்ந்திருக்கிற சீட்ல எதுவும் தெரியாது. அதனால கண்ணு முழுக்க மீட்டர்லயே ஒட்டிக்கும். சிமுலேட்டர்ல பழகி வர்ற மாணவர்கள் வெளிய பாக்கவே மாட்டேங்கிறாங்கன்னு பயிற்றுநர்கள் சொல்றது இதனாலதான்.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, நம்ம பக்கத்துப் பசங்க நிறைய பேர் இதை வச்சுதான் பைலட் ஆகலாம்னு முடிவு பண்றாங்க. கமர்ஷியல் லைசன்ஸுக்கு 200 மணி நேரம் நிஜமா பறக்கணும். வீட்டு சிமுலேட்டர்ல நீங்க ஓட்டின 1,000 மணி நேரத்துல ஒரு நிமிஷம்கூட லாக் புக்ல ஏறாது. செலவு பல லட்சம், சில வீட்டுல நிலம் போகும். அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி டிஜிசிஏ மெடிக்கலை முடிச்சிடுங்க. கண்ணு, காது, இதயம் எல்லாம் பாஸ் ஆனதுக்கு அப்புறம் கடனைப் பத்தி யோசிக்கலாம்.

பொய்யா பறக்கிற விமானம், "உனக்கு எல்லாம் வரும்"னு சொல்லிக்கிட்டே இருக்கும். சரியா பறக்கிற விமானம், நீங்க கத்துக்க வேண்டியது என்னன்னு காட்டும். நிலத்தை வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டாவதோட பேச்சைக் கேளுங்க.

இந்த வாரம் ஸ்டால் சோதனையை மட்டும் பண்ணிப் பாருங்க. உங்க விமானம் எத்தனை நாட்ல மூக்கைப் போட்டுச்சுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல ஒப்பிட்டுப் பேசலாம்.