மீட்டரோடு விதியும் மாற வேண்டும்

 

இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே, என் பணிக்காலம் முழுவதும் மின் விநியோகத்தில் கழிந்தது. பிரிவு அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளராகத் தொடங்கி, மேற்பார்வைப் பொறியாளராக ஓய்வு பெற்றேன். கடைசி ஆண்டுகளில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்திலும் அமர்ந்து வழக்குகள் கேட்டேன். ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றியே பேசுகிறேன். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் மின் மீட்டரைப் பற்றி.

அந்த மீட்டர் மாறப்போகிறது. 2021-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விநியோகத் துறைச் சீரமைப்புத் திட்டம், நாடு முழுவதும் 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்த இலக்கு வைத்தது. திட்டத்தின் மொத்த மதிப்பு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பணமும் கருவியும் ஆளும் வந்துவிடும். ஆனால் பணம் கட்ட எத்தனை நாள் அவகாசம், கட்டாவிட்டால் என்ன நடக்கும், மீட்டர் தவறாக ஓடினால் யாரிடம் போவது என்ற விதிகளெல்லாம் பழைய மீட்டரை மனதில் வைத்து எழுதியவை. மீட்டரை மாற்றிவிட்டு விதியை அப்படியே விட்டால் அதன் சுமை ஏழை வீடுகளின் தலையில்தான் விழும். இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான்.

நான் மாணவனாக இருந்த காலத்தில் மீட்டர் என்றால் உள்ளே அலுமினியத் தட்டு சுழலும் மீட்டர். ஆய்வகத்தில் வரிசையாக பல்புகளை எரியவிட்டு, தட்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக எண்ணிக்கொண்டிருப்போம். ஒருநாள் எங்கள் பேராசிரியர் எல்லா பல்புகளையும் அணைத்துவிட்டு, "இப்போது தட்டைப் பாருங்கள்" என்றார். தட்டு மெல்ல நகர்ந்து போய் ஓரிடத்தில் நின்றுவிட்டது. மின்சாரம் பயன்படுத்தாதபோதும் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்துபோவது அந்த வகை மீட்டரின் குணம். அதைத் தடுக்கத் தட்டில் எதிரெதிரே இரண்டு சிறு துளைகள் போட்டிருப்பார்கள். துளை மின்காந்தத்துக்கு நேராக வந்ததும் தட்டு நின்றுவிடும். "பயன்படுத்தாத கரண்டுக்கு ஒருவரும் காசு கட்டக் கூடாது என்று நினைத்த பொறியாளர் போட்ட துளை இது" என்றார் அவர். நியாயத்தைக் கருவிக்குள்ளேயே வைக்க முடியும் என்று நான் கற்றுக்கொண்டது அன்றுதான்.

அதைவிடப் பெரிய பாடத்தை ஒரு கம்பியாளரிடம் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. சித்திரை மாத வெயில். கட்டணம் கட்டாத வீடுகளின் பட்டியலோடு அவர் முன்னே போக, நான் பின்னே போனேன். வீடு வீடாகப் போய் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்குவதுதான் அன்றைய வேலை. நெசவாளர் தெருவில் ஒரு வீடு. மீட்டர் போர்டு திண்ணையைத் தாண்டி உள்பக்கம் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஃபேனுக்கு நேர் கீழே தூளி. பக்கத்தில் பாயில் ஒரு பெண் படுத்திருந்தார். கம்பியாளர் வாசலிலேயே நின்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பட்டியலில் அந்த இணைப்பு எண்ணுக்கு நேராக "கதவு பூட்டு" என்று எழுதினார். அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

"என்னண்ணே, கதவு தெறந்துதானே கெடக்கு?" என்று கேட்டேன்.

"பச்சப் புள்ள இருக்கு சார். கூலி வந்ததும் திங்கக்கெழம கட்டிருவாரு. நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

திங்கட்கிழமை அந்தப் பணம் கவுன்டருக்கு வந்தது. பதிவேட்டில் ஒரு பொய் இருந்தது. ஆனால் அந்தக் குழந்தை மூன்று நாள் வெக்கையில் புழுங்கவில்லை.

இந்தச் சம்பவத்தை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். ஏனென்றால் ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் வாசலில் நின்று பார்க்க ஆள் கிடையாது. எங்கோ ஒரு கட்டுப்பாட்டு மையத்திலிருந்து கட்டளை வரும், மீட்டருக்குள் இருக்கும் ஸ்விட்ச் திறந்துகொள்ளும். "கதவு பூட்டு" என்று எழுத அங்கே இடமில்லை. அந்தக் கம்பியாளரின் கருணையும் எல்லா வீட்டுக்கும் கிடைத்ததல்ல. அவருக்குத் தெரிந்த தெருவுக்குக் கிடைத்தது; தெரியாத தெருவுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே பழைய காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் மனதில் இருந்ததை எடுத்து விதியாக எழுதுங்கள், எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்று கேட்கிறேன்.

அப்படி எழுத முடியும். பிரிட்டனில் கடன் வைத்த வீடுகளைக் கட்டாயமாக முன்கட்டண முறைக்கு மாற்றினார்கள். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடென்றால் ஆள் போகாமலே மாற்றிவிடலாம். பெரிய எதிர்ப்பு கிளம்பி, 2023 பிப்ரவரியில் அதை நிறுத்திவைத்தார்கள். பிறகு ஒழுங்குமுறை ஆணையம் புதிய விதி கொண்டுவந்தது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டையும், துணையின்றி வாழும் 75 வயதைக் கடந்தவர் வீட்டையும், உயிர் காக்கும் மருத்துவக் கருவி இயங்கும் வீட்டையும் கட்டாயப்படுத்தி மாற்றக் கூடாது என்றது. நெசவாளர் தெருவில் ஒரு கம்பியாளர் பேனாவால் எழுதியதை அங்கே விதியாகவே எழுதிவிட்டார்கள்.

இத்தாலியில் வேறொரு வழி. 2001-ல் தொடங்கி சில ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று கோடி மீட்டர்களை மாற்றிய நாடு அது. அங்கே கட்டணம் பாக்கி என்றால் உடனே இருட்டாக்குவதில்லை. மீட்டர் இடம் கொடுக்கும் வீடுகளில் முதலில் 15 நாட்களுக்கு மின்திறனை 15 சதவீதமாகக் குறைக்கிறார்கள். 3 கிலோவாட் வீட்டுக்கு 450 வாட் கிடைக்கும். விளக்கும் மின்விசிறியும் ஓடும், ஹீட்டர் ஓடாது. தொலைவிலிருந்து துண்டிக்கத் தெரிந்த கருவிக்கு, தொலைவிலிருந்து குறைக்கவும் தெரியும். எதைச் செய்யச் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் என்ன நிலை? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, முழுதாக 15 நாள் எழுத்துபூர்வ அறிவிப்பு கொடுத்த பிறகே மின்சாரத்தைத் துண்டிக்கலாம் என்கிறது. ஆனால் 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை விதிகள், முன்கட்டண மீட்டரில் இருப்புத் தொகை தீர்ந்து மின்சாரம் நின்றால் அதைத் துண்டிப்பாகக் கருத வேண்டியதில்லை என்கின்றன. அப்படியானால் அந்த 15 நாள் எங்கே போயிற்று? இரவு இரண்டு மணிக்கு இருப்பு தீர்ந்தால் என்ன செய்வது? பொங்கல் விடுமுறையில் தீர்ந்தால்? இவற்றுக்கு விடை எழுதிவிட்டுத்தான் மீட்டரைப் பொருத்த வேண்டும். தவறு நேர்வதும் உண்டு. 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி நாளில் உத்தரப் பிரதேசத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் இணைப்புகளில் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றது. பணம் கட்டியவர்கள் வீட்டிலும் இருட்டு. மாநில அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. புதிய மீட்டர் பொருத்தும் வேலையும் நின்றது.

நல்ல விதிகளும் வந்திருக்கின்றன. அவற்றையும் சொல்ல வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் பதிவு செய்த உச்ச மின்பளுவை வைத்து, அதைப் பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக் கூடாது என்கிறது அதே நுகர்வோர் உரிமை விதிகளின் 2023 ஜூன் திருத்தம். ஒரு நிதியாண்டில் மூன்று முறையாவது அனுமதித்த பளுவைத் தாண்டினால்தான் பளுவை உயர்த்தலாம். ரீடிங் தவறு என்று நுகர்வோர் புகார் கொடுத்தால் ஐந்து நாளுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றை வைத்து, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்கிறது 2024 திருத்தம். ஆனால் இவை தெரிந்த நுகர்வோர் எத்தனை பேர்? தெரியாத உரிமையை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

நம் ஊருக்கே உரிய சிக்கல்களும் உண்டு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 2016 முதல் வீடுகளுக்கு அந்த இரண்டு மாதத்தில் 100 யூனிட் இலவசம். மாதக் கணக்கு வந்து, இலவசம் மாதத்துக்கு 50 என்று பிரிந்தால், ஒரு மாதம் 10 யூனிட்டும் அடுத்த மாதம் 90 யூனிட்டும் செலவழித்த வீடு 40 யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டிவரும். இன்று அந்த வீட்டுக்குக் கட்டணமே இல்லை. இன்னொன்று, ரீடிங் எழுதும் வெள்ளை அட்டை. மீட்டர் பக்கத்தில் ஆணியில் தொங்கும் அந்த அட்டையைப் பாட்டியும் பார்க்கலாம், வாடகைக்கு இருப்பவரும் பார்க்கலாம். ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் வரும் குறுஞ்செய்தியோ பதிவு செய்த ஒரே எண்ணுக்குப் போகும். அந்த எண் பெரும்பாலும் வீட்டு உரிமையாளருடையது. பணம் கட்டுபவர் கையில் எச்சரிக்கை போய்ச் சேர வேண்டாமா?

மக்களிடம் சரியாகப் பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் 2009 கோடையில் ஸ்மார்ட் மீட்டர் வந்தவுடன் கட்டணம் எகிறியது என்று மக்கள் கொதித்தார்கள். சுயேச்சையான ஆய்வு நடந்தது. மீட்டர்கள் சரியாகவே அளக்கின்றன, மக்களிடம் பேசிய விதமும் புகார்களைக் கையாண்ட விதமும்தான் குறை என்று 2010-ல் அறிக்கை வந்தது. இதை ஒவ்வொரு பொறியாளரும் மனதில் வைக்க வேண்டும். கருவி சரியாக இருந்தும் மக்களின் நம்பிக்கையை இழக்க முடியும்.

இளம் நண்பர்களே, உங்களில் சிலர் மின் விநியோக நிறுவனங்களுக்குப் போவீர்கள். சிலர் மீட்டருக்கு மென்பொருள் எழுதுவீர்கள். எங்கே போனாலும், நீங்கள் தொடும் கருவியைச் சுற்றி இருக்கும் விதிகளை வாங்கிப் படியுங்கள். அவை வழக்கறிஞர் வேலை என்று ஒதுக்காதீர்கள். ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டங்களுக்குப் போய், தெரிந்ததைத் தமிழில் எழுந்து சொல்லுங்கள். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, உங்கள் தெருவில் ஒருவருக்காவது அவருடைய மின் நுகர்வோர் உரிமைகளை எடுத்துச் சொல்லுங்கள். பட்டம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. அதன் பயன் ஊருக்குக் கிடைக்கட்டும்.