உறைந்த ஏரியும் ஒரு கணக்கும்



நாடகப் பாத்திரம் தத்துவம் பேசத் தொடங்கினால், பேசுவது பாத்திரமா, பின்னால் நிற்கும் ஆசிரியரா என்ற ஐயம் நமக்கு எழுகிறது. அந்த ஐயத்துக்கு இடந்தராத தொலைக்காட்சித் தொடர் ஒன்று உண்டு. போலந்து இயக்குநர் கிஸ்லோவ்ஸ்கி, வழக்கறிஞர் பிசியேவிச்சுடன் சேர்ந்து எழுதி 1988இல் உருவாக்கிய ‘டெக்கலாக்’; பத்துக் கட்டளைகளை ஒட்டிய பத்துப் படங்கள்.

முதற்படத்தில், உறைந்து இறந்த நாயைக் கண்ட சிறுவன் பாவெல், மரணம் என்றால் என்னவென்று கேட்கிறான். தந்தை பேராசிரியர், கணிப்பொறியை நம்புபவர். இதயம் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்கிறார். ஆன்மா உண்டென எண்ணினால் சிலருக்கு வாழ்வது எளிதாம். அவருக்கு? தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மையால் அவர் நமக்கு நெருக்கமாகிறார்.

கடவுளைப் பற்றிக் கேட்டபோது அத்தை அவனை அணைத்துக்கொள்கிறாள். அவன் உணரும் அன்பிலேயே அவர் இருக்கிறார் என்கிறாள். அவ்வளவே.

ஏரியில் சறுக்கி விளையாட ஆசைப்படுகிறான் மகன். அவன் எடையைப்போல் மும்மடங்கைப் பனிக்கட்டி தாங்குமெனக் கணிப்பொறி விடை தருகிறது. அதோடு நில்லாமல், இரவில் தாமே அதன்மேல் நடந்தும் பார்க்கிறார் தந்தை. இதை நாம் மறந்துவிடலாகாது. பனிக்கட்டி உடைகிறது, சிறுவன் மடிகிறான்.

எளிய ஆசிரியர் எவரும் இங்கே அத்தையை வெல்ல வைத்திருப்பார். கவிஞர்களாகிய நாமும் அடுத்த அடியிலேயே தீர்ப்பெழுதியிருப்போம். கிஸ்லோவ்ஸ்கியோ தந்தையைக் கட்டி முடியாத தேவாலயத்துக்கு அனுப்புகிறார். அவர் பீடத்தைச் சாய்க்கிறார். மெழுகு சொட்டி மரியன்னையின் கன்னத்தில் வழிகிறது. பிறகு தொட்டியில் உறைந்திருந்த புனித நீரை எடுத்து நெற்றியில் அழுத்திக்கொள்கிறார். அதுவும் பனிக்கட்டிதான்.