தைராய்டு மாத்திரையும் தொண்டை வலியும்

(பாரிவாக்கம் ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தைராய்டு சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் மெலியும். இதற்கு மருத்துவர்கள் பெரும்பாலும் கார்பிமசோல் மாத்திரை தருகின்றனர். நல்ல மருந்துதான். எனினும் ஆயிரம் பேரில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் 3 மாதங்களுக்குள், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களை அது வெகுவாகக் குறைத்துவிடுகிறது. காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் ஆகியவையே அதன் அடையாளங்கள்.

மழைக்காலத்தில் நாம் இதைச் சளிக்காய்ச்சல் என்றெண்ணி, மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிடுகிறோம். அந்தத் தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, காய்ச்சலோ தொண்டை வலியோ கண்டால் கார்பிமசோலை உடனே நிறுத்தி, பூவிருந்தவல்லியிலோ கீழ்ப்பாக்கத்திலோ உள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று, அன்றைக்கே வெள்ளணு எண்ணிக்கையைப் பரிசோதிக்க வேண்டும். “தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவர் சொல்லாமல் மீண்டும் தொடங்கக் கூடாது. இவ்வறிகுறிகள் இல்லாதவர்கள் அச்சத்தால் தாமாக நிறுத்துவதும் தவறு. கருவுற எண்ணும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறுவது அவசியம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் இம்மருந்து சிசுவைப் பாதிக்கக்கூடும்.

கதிரியக்க அயோடின், அறுவை சிகிச்சை என வேறு வழிகளும் உண்டு. அவற்றிற்குப் பின் பலர் ஆயுள் முழுவதும் தைராக்ஸின் மாத்திரை உண்ண நேரிடும்.

நம் வீடுகளில் எவரேனும் கார்பிமசோல் உட்கொண்டால், “காய்ச்சல், தொண்டை வலி என்றால் இரத்தப் பரிசோதனை” என்று மாத்திரைப் பெட்டியின் மேலேயே எழுதி வைப்போமாக.