படுத்தால்தான் காப்பீடா?

(ஐயங்கார்குளத்தில் ஆற்றிய உரை)



நாற்று நட்டும் தறியில் குனிந்தும் பிழைக்கிறோம். இடுப்பு வலியும் மூட்டு வலியும் நமக்குக் கூலியோடு வருகின்றன. முதலமைச்சர் காப்பீட்டுடன் இணைந்த, 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்கிறது. எப்போது? ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்! வெளிநோயாளியாக இயன்முறை சிகிச்சைக்குப் போனால் அந்தக் காப்பீடு இல்லை. இது என்ன நியாயம்?

2021-ல் இச்சிகிச்சையாளர்களின் படிப்பையும் பதிவையும் முறைப்படுத்த மத்திய சர்க்கார் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டு 5-ல் துவங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அவர்களை வீட்டுக்கே அனுப்புகிறது. வரவேற்கிறோம். ஆனால் நாமே நேரில் சென்றாலும் காப்பீடு கிடைக்க வேண்டும். ஆபத்தான அறிகுறி கண்டால் டாக்டரிடம் அனுப்பும் கடமையும் சேரட்டும். இதைச் சட்டமாக்கக் கிராமந்தோறும் கையெழுத்துத் திரட்டுவோம்!